நீலக் கொடுக்கு

டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த ஓடை வேண்டும். நீலகிரியில் அது கிடைக்கும். நிலநடுக்கோட்டை விட்டு 2 பாகைகூட விலகாத மலேசியாவின் கோத்தா திங்கியில் ஜொகூர் ஆறு கலங்கலாய், வெதுவெதுப்பாய்த்தான் ஓடுகிறது. அங்கே குடும்பத்தோடு படகேறுவது ஊடாங் காலாவுக்காக. நன்னீர் இறால்தான், ஆனால் முற்றிய ஆணின் நீலக் கொடுக்குகள் சிலவேளை உடல் நீளத்தையே மிஞ்சிவிடும்.

இந்த இறாலைத் தூண்டிலில் பிடிப்பதன் ருசியே அது இரையெடுக்கும் விதத்தில் இருக்கிறது. மீன் கவ்வும், இழுக்கும், முடிந்தது. இறாலோ மண்புழுவைக் கொடுக்கால் பிடித்து, ஓரமாக நகர்த்திக்கொண்டு போய், பிறகுதான் வாயில் வைக்கும். தூண்டில் நுனி லேசாக ஆடியதுமே சுண்டினால் வெறும் முள்தான் மேலே வரும். "இருடா, அது இன்னும் சாப்பிட உட்காரல" என்று தாத்தா அதட்டுவார். பேரனுக்கோ கை துறுதுறுக்கும்.

முட்டை சுமக்கும் பெண் இறால்கள் கழிமுகம் நோக்கி இறங்கும். குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டும். வயிற்றடியில் ஆரஞ்சு நிற முட்டை தெரிந்தால் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. மற்றவை சட்டிக்கு. தலைக்கொழுப்பை வீணாக்காமல் மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் போதும். சம்பலில் முக்கியெடுப்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.