பால் மரம் இல்லாத ஊர்

மலேசியத் தமிழ்க் கதை என்றால் ஒரு தோட்டம், ஒரு லயம், விடியற்காலைப் பெரட்டு, ஒரு கங்காணி. அதைக் குறைசொல்ல மாட்டேன்; நாம வந்த வழி அது. நான் குடியிருக்கும் ஷா ஆலமே தோட்டத்தை அழித்துக் கட்டிய நகரம்தான். என் புகார் வேறு. இந்த ஒரே அச்சில் எழுதிப் பழகியதால், இதே சிலாங்கூரில் உள்ள பத்து ஆராங் நம் இலக்கியக் கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை.

மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. (நம்ம ஆளுங்க 'பத்தா, பதினொண்ணா'ன்னு கேட்பார்கள்.) மலாயன் கோலியரிஸ் கம்பெனி 1913இல் உருவாகி, 1915 முதல் இங்கே நிலக்கரி வெட்டியது. ரயில் ஓடியதும் பங்சார் மின்நிலையம் எரிந்ததும் இந்தக் கரியில்தான். ரயிலும் மின்நிலையமும் எண்ணெய்க்கு மாறியதும் கரிக்கு ஆளில்லை. 1960இல் சுரங்கத்தை மூடினார்கள்.

இப்போது இணையத்தில் இந்த ஊரைப் பற்றி வருபவை இரண்டு வகை. ஒன்று, 'நாட்டிலேயே முதல்' பட்டியல். மற்றது, பாழடைந்த புகைபோக்கி முன்னால் எடுத்த பேய் வீடியோ. இரண்டிலும் கரி வெட்டியவன் கிடையாது.

1937 மார்ச்சில் ஆர்வெல்லின் 'தி ரோடு டு விகன் பியர்' லண்டனில் வெளிவந்தது. சுரங்கத்துக்குள் குனிந்து, தவழ்ந்து போய்ப் பார்த்து எழுதிய புத்தகம். அதே மார்ச்சில் பத்து ஆராங்கில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். சில நாளில் போலீஸ் புகுந்து அடக்கியது. கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் உட்கார்ந்து கூலியைத் தின்ற கான்ட்ராக்டர் முறைதான் அவர்களுடைய பெரிய கோபம். கங்காணியைத் தெரிந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஆனால் நாம் நினைவில் வைத்திருப்பது 1941 கிள்ளான் போராட்டத்தை மட்டும். ஆர். எச். நாதன், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த தொழிலாளிகள், துப்பாக்கிச் சூடு. அதற்குக் காரணம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது: அங்கே கதாநாயகன் தமிழன். பத்து ஆராங்கில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். நம்ம ஆளு நடுவில் இல்லாத துயரம் நமக்குக் கதையாவதில்லை. இதை நான் பண்பாட்டுப் பற்று என்று சொல்ல மாட்டேன், சோம்பல் என்றுதான் சொல்வேன். கிள்ளான் தமிழர்கள் 1941இல் கேட்டதே சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. அந்தச் சீனர் கூலி யார் போராடி உயர்ந்தது என்று கேட்டால் 1937க்கு வந்துதான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பத்து ஆராங்கில் தமிழர்களும் வேலை செய்தார்கள். அந்த மார்ச் மாதக் காலையில் பக்கத்துக் கொங்சிச் சீனன் வேலைக்கு இறங்காமல் நிற்கும்போது, ஒரு தமிழன் தலையில் முண்டாசோடு சுரங்க வாயிலில் என்ன செய்தான்? இறங்கினானா? நின்னானா? எந்த மொழியில் அவனிடம் பேசினார்கள்?