தோட்ட உருவகமும் துலா மிதித்தோரும்

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலையை நிறுவினர். அதன் அயலூரே மருதனார்மடம். பின்னாளில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் எழுந்ததும் இங்கேதான். கிறிஸ்தவப் பிரசங்க மரபில் விசுவாசம் பயிராகவும் போதகர் தோட்டக்காரராகவும் உருவகிக்கப்படுகின்றனர். விதைப்பவன் உவமையும், பவுல் நட்டு அப்பொல்லோ நீர்பாய்ச்ச விளையச்செய்பவர் தேவனே என்னும் கொரிந்தியர் நிருபக் கருத்துமே இதற்கு மூலமாகும்.

இவ்வுருவகத்தின் வர்க்கச் சார்பை நாம் நோக்குதல் வேண்டும். முதலாவதாக, கேட்போர் பேச்சற்ற பயிராகின்றனர். பயிர் கருகின் பழி நிலத்தின்மீது விழுகின்றது. இரண்டாவதாக, மருதனார்மடத்துச் செம்மண்ணில் துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நீரிறைத்த பின்னரே புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. யாழ்ப்பாணத் தோட்டங்களில் இவ்வாறு உழைத்தோருட் பலர், உயர்சாதியார் கிணற்றில் தமக்கென நீரள்ளும் உரிமை மறுக்கப்பட்டோர். 'ஜீவத் தண்ணீர்' என்னும் சொல் அவர்தம் செவியில் எப்பொருளில் ஒலித்திருக்கும்?

எனினும், உருவகத்தை முற்றாக நிராகரித்தல் இயந்திரப்பாங்கான விமர்சனமாகிவிடும். நடுபவனும் பாய்ச்சுபவனும் ஒன்றே என்றும், அவரவர் உழைப்புக்கேற்ற கூலி பெறுவர் என்றும் அதே நிருபம் தொடர்ந்து கூறுகின்றது. இதனை விடுத்து வாசிப்பின் உருவகம் உழைப்பை மறைக்கும். சேர்த்து வாசிப்பின் வெளிப்படுத்தும்.

மக்களிடையே விழிப்புணர்வை 'விதைக்கின்றோம்' என்று கூறிக்கொள்ளும் முற்போக்காளராகிய நமக்கும் இது பொருந்தும். மக்கள் நமது பயிரல்லர். துலா மிதித்தோர் அவர்களே.