ஈர்ப்பு அளவீடும் வண்டியூர் நிலத்தடி நீரும்: அளவுநிலை குறித்த ஒரு திறனாய்வு

நிலத்தடியில் நீர் கூடின் நிறை கூடும். நிறை கூடின் ஈர்ப்பு மிகும். இவ்வடிப்படையில் ரொடெல், வெலிகோனா, ஃபாமிலியெட்டி ஆகியோர் 2009-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கிரேஸ் செயற்கைக்கோள்களின் தரவுகளைக் கொண்டு, இராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா நிலப்பரப்பு 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்ததெனக் கணித்தது. கிணற்று மட்டத்தைக் கடந்து நீரின் நிறையையே மதிப்பிட்டது அதன் சிறப்பு.

ஆயினும் அம்முறையை மதுரைக்கு அப்படியே பொருத்துதல் ஏற்புடையதன்று. கிரேஸ் பிரித்தறியும் பரப்பு ஓர் இலட்சம் சதுர கி.மீ.க்கும் மிகுதி, மதுரை மாவட்டமோ சுமார் 3,700 சதுர கி.மீ. அதனுள் வண்டியூர்ப் பகுதி தனித்துப் புலப்படாது.

தரைவழி ஈர்ப்புமானி இக்குறையை முற்றிலும் நீக்குவதில்லை. பரந்து கிடக்கும் 1 மீட்டர் நீரடுக்கு ஏறத்தாழ 42 மைக்ரோகால் மாற்றம் தரும். கடினப்பாறை தன் கொள்ளளவில் 2 விழுக்காடு நீரே தருமெனக் கொண்டால், கிணற்று மட்டம் 5 மீட்டர் தாழினும் மாற்றம் 4 மைக்ரோகாலே. அது களக்கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கிவிடும். மாறாக, வண்டியூர்க் கண்மாயில் 1 மீட்டர் நீர் ஏறினால், கரையோரத்தில் 20 மைக்ரோகால் வரை கூடலாம். மேற்பரப்பு நீரைக் கழிக்காத கணக்கு, நிரம்பிய கண்மாயை நிறைந்த நிலத்தடியாகக் காட்டிவிடும்.

சிதைவுற்ற பாறை 5 விழுக்காடு நீர் தந்து, மட்டம் 10 மீட்டர் ஏறி இறங்கும் இடங்களிலேயே 21 மைக்ரோகால் எனும் தெளிவான குறி கிட்டும். அத்தகைய இடங்களில், கண்மாயிலிருந்து விலகி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், கிணற்று மட்டத்தோடு சேர்த்து ஈர்ப்பை அளத்தல் வேண்டும். இரண்டும் இணைந்தால் பாறையின் நீர்தரும் திறனே தெரியவரும். அதனை விடுத்து, வட்டாரச் சராசரியைக் கொண்டு ஆழ்துளைக் கிணறுகளுக்கு வரம்பு வகுத்தல், வறண்ட கிணற்றைக் கணக்கில் காணாது போவதற்கே வழிவகுக்கும்.