நோட்டீஸில் பெரிய எழுத்து

ஊர்த் திருவிழா நோட்டீஸை வரிசையாகப் படிக்கிறவர்கள் குறைவு. காப்புக் கட்டு, பால்குடம், அன்னதானம் என்று பொடி எழுத்தில் போகும் வரிகளைத் தாண்டிக் கண் நேராக ஒரு கட்டத்தில் போய் நிற்கும். ‘இரவு மாபெரும் இன்னிசைக் கச்சேரி.’ கீழே குழுவின் பெயர், அதன் பக்கத்தில் ‘டி.வி. புகழ்’ என்றொரு அடைமொழி. அந்தக் கட்டத்துக்குள் யார் பெயர் வருகிறது என்பது சென்ற எண்பது ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. சினிமா வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது, ரசனை கெட்டுவிட்டது என்பது வழக்கமான புலம்பல். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். திருவிழாவுக்குப் பணம் கொடுத்த கை முதலில் மாறியது. பாட்டு அதற்குப் பின்னால் போனது.

தஞ்சைப் பக்கத்துக் கோயில் ஊர்களில் ஒருகாலத்தில் அந்தக் கட்டம் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கு உரியது. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு சமூகத்தின் மண்டகப்படி. நேற்றைய உபயக்காரர் ஒரு வித்வானைக் கொண்டுவந்தால் இன்றைய உபயக்காரர் அவருக்கு மேலே ஒருவரைக் கொண்டுவர வேண்டும். இந்த வீம்பில்தான் கலை வளர்ந்தது என்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக ஊர்கள் காத்துக் கிடந்தது அந்தக் காலத்தில்தான். அதுவரை நாதஸ்வரக்காரர் சுவாமிக்கு முன்னால் நின்றும் நடந்தும் வாசிக்கிறவர். திறந்த வீதியில் எட்டுத் திக்கும் கேட்க வேண்டும் என்பதால் திமிரி என்ற குட்டையான, உச்ச சுருதிக் கருவி. ராஜரத்தினம் மேடையேறி உட்கார்ந்து வாசித்தார். அதற்கு ஏற்ப, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலையில் நீண்ட, தணிந்த சுருதியுள்ள பாரி நாயனம் உருவானது. கருவியின் நீளம் கூடியதிலேயே ஒரு சமூக வரலாறு இருக்கிறது. சுவாமிக்காக வாசித்தவர் இப்போது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். திருவிழாவின் நாயகர் என்ற இன்றைய பொருளில் முதல் ‘ஸ்டார்’ அவர்தான்.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் குடியேறித் தென்மாவட்டங்களைத் தன் வசமாக்கினார். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்தது நாதஸ்வரம் தெரியாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1964-இல் காலமானார். நாலு வருஷம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ படம் வந்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் திரையில் காட்டப்பட்ட அந்த உலகம் அதற்குள் தேய ஆரம்பித்திருந்தது. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970-இல் அது 15 ஆயிற்று. சட்டத்தை ஏய்த்தவர்கள் உண்டுதான். ஆனாலும் பத்து நாள் உற்சவத்துக்குப் பத்துச் செட் மேளம் வைக்கும் பண்ணையார்கள் பழையபடி இல்லை. நில உரிமை பரவியது நல்லது. அதே நல்லதில் தவில்காரரின் சோற்றில் மண் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபக்கச் சாட்சி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே பல கோயில்களில் திருவிழா இன்னும் குடும்ப உபயமாகவே நடக்கிறது. வெளிநாடு போன பிள்ளைகளின் பணமும் வந்து சேருகிறது. அதனால் அங்கே மேளக் கச்சேரிக்கென்றே கூட்டம் கூடுகிறது. தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அங்கேயும் சினிமாப் பாட்டுக் கோஷ்டிகள் உண்டு. இருந்தும் பெரிய மேளம் தன் இடத்தை விடவில்லை, உபயக்காரர் இருக்கிறார் என்பதால்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பணம் கமிட்டியின் கைக்கு வந்தது. தலைக்கட்டு வரி; எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. சமமாக வரி கொடுத்தவன் சமமாகப் பாட்டுக் கேட்பான். தோடி தெரிந்தவர் நாலு பேர், தெரியாதவர் நானூறு பேர் என்றால் கமிட்டி என்ன செய்யும்? எல்லாருக்கும் தெரிந்த ஒரே சங்கீதம் வானொலியில் வந்த சினிமாப் பாட்டு. அதைக் கண்முன்னால் பாடிக் காட்டும் மெல்லிசைக் குழுக்கள் இப்படித்தான் ஊர் ஊராக வந்தன. அரசியல் மேடையும் இதற்கு ஒரு பள்ளிக்கூடம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார்; தம்பிகள் உடன் போனார்கள்; அதில் ஒருவர் இளையராஜா. நாகூர் ஹனிஃபா தி.மு.க. மேடையிலும் தர்கா விழாக்களிலும் ஒரே கம்பீரத்தோடு பாடினார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் தொடக்க காலத்தில் வைத்திருந்த குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். பின்னாளில் ஏ.வி. ரமணனின் மியூசியானோ, லஷ்மண் ஸ்ருதி போன்றவை சென்னையில் பெரிய பெயர்கள். சிற்றூர்களுக்கு வந்தவையோ மாவட்டத் தலைநகரத்துக் குழுக்கள்.

இந்தக் குழுக்களைப் பற்றி யாரும் உருப்படியாக எழுதவில்லை என்பது எனக்கு மனக்குறை. நகல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். பதிவில் நாற்பது வயலின் வாசித்த இடத்தை மேடையில் ஒரு கீபோர்டுக்காரர் இரண்டு கையால் சமாளிக்க வேண்டும். ரிதம் பேடுக்காரர் மூன்று தாளக்காரர்களின் வேலையைப் பார்க்கிறார். புல்லாங்குழல்காரர் பல்லவி முடிவதற்குள் மடியில் கிடக்கும் குழல்களில் சரியான சுருதிக்குரியதை எடுத்து உதட்டில் வைத்தாக வேண்டும். இடையிசையில் ஒரு ஸ்வரம் பிசகினால் முன்வரிசைப் பையன் உதட்டைப் பிதுக்குவான், அவன் அதை கேசட்டில் நூறு தரம் கேட்டவன். மேடைக்குப் போகும் துண்டுச்சீட்டில் ‘தலைவர் அண்ணன் விருப்பம்’ என்று கிறுக்கிய பாட்டு, ஒத்திகையே பார்க்காததாக இருக்கும். பேஸ் கிடாரைப் பார்த்துக் கண்ணாலேயே கட்டை கேட்டுத் தொடங்குவார்கள். இதைக் கலையில்லை என்று எப்படிச் சொல்ல?

நிகழ்ச்சிக்கும் ஒரு சம்பிரதாயம் இருந்தது. சீர்காழியின் விநாயகர் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, ஹனிஃபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’, ஒரு கிறிஸ்தவப் பாட்டு, அதற்குப் பிறகே காதல். அம்மன் கோயில் வாசலில் எந்தச் சட்டமும் கேட்காமல் நடந்த ஏற்பாடு அது. ‘டி.எம்.எஸ். குரலோன்’, ஆண்குரல் பெண்குரல் இரண்டிலும் பாடும் ‘இருகுரல் மன்னர்’, இடையிடையே பலகுரல்காரர். நள்ளிரவு தாண்டிக் குழந்தைகள் தூங்கியபின் பழைய பாட்டுகள் தனியாக வரும். அந்தப் பின்னிரவுப் பகுதிதான் பாடகரின் உண்மையான உரைகல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றன; ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது தேவையான விதிதான். பாடகருக்குத்தான் நட்டம்.

அடுத்த மாற்றத்தைத் தொலைக்காட்சி கொண்டுவந்தது. குழு பின்னுக்குப் போய் ஒற்றை முகம் கட்டத்துக்குள் வந்தது. பணமும் மறுபடி இடம் மாறியது. வரியோடு ரியல் எஸ்டேட்காரரும் ஒன்றியச் செயலாளரும் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும், பக்கத்தில் நின்று படம் எடுக்க. நாட்டுப்புறப் பாடகர்களுக்கு இதில் ஒரு வாசல் திறந்தது என்பதை மறுக்க முடியாது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்கள் முன்பே பாதை போட்டிருந்தார்கள். ‘சந்திரமுகி’க்குப் பிறகு சின்னப்பொண்ணு, 2018-இல் சூப்பர் சிங்கர் வென்ற செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும். வயலில் பாடிய பாட்டு திரும்பவும் அதே ஊர் மேடைக்கு வர, சென்னைப் படப்பிடிப்புத் தளம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் ‘ஆடல் பாடல்’. போலீஸ் அனுமதி மறுக்கும், கமிட்டி மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகும், ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வரும். பாட்டு பெரும்பாலும் பென்டிரைவில். சுவாமி ஊர்வலத்திலோ கேரளத்துச் செண்டை மேளம். நம் ஊர் நாதஸ்வரக்காரர்கள் இதைப் பற்றிக் கொதிப்பது நியாயம்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாசிக்கிறவருக்கு வீதியில் இடம் கிடைக்கவில்லை.

கமிட்டி கைவைக்க முடியாத ஒரே கலை திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி நாட்டார் தெய்வக் கொடை விழாக்களில் அடிக்கும் வில்லு. சுப்பு ஆறுமுகம் வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோன வில்லுப்பாட்டு வேறு. அது பேச்சும் நகைச்சுவையும் கலந்த சபை நிகழ்ச்சி. கொடையில் வில்லு பாடினால்தான் சாமி வரும். சுடலை பிறந்த கதையில் குறிப்பிட்ட இடம் வரும்போது குடமும் வில்லும் வேகம் பிடிக்க, சாமியாடி எழுந்துவிடுவார். அந்தப் பாட்டை இன்னொரு பாட்டால் மாற்ற முடியாது; மைக்செட்காரரின் பென்டிரைவுக்குச் சாமி இறங்காது. மெல்லிசைக் குழுவுக்கு இரண்டு லட்சம் கொடுக்கும் கமிட்டிகூட வில்லுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். நோட்டீஸில் அவர் பெயர் சின்ன எழுத்தில்தான் இருக்கும். பெண்கள் பலர் இப்போது வில்லின் நடுவே உட்கார்ந்து வீசுகோல் பிடித்துக் கதை சொல்கிறார்கள். கொடை மாதங்களில் அவர்களுடைய நாட்குறிப்பில் காலி நாள் கிடைப்பது கஷ்டம்.