92 கோடிக்கு என்ன கிடைத்தது? செஸ் ஒலிம்பியாட் கணக்கு

2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒன்று, "நம்ம பசங்க கலக்கிட்டாங்க". இன்னொன்று, "அதனால மாநிலத்துக்கு நல்ல வருமானம்". முதலாவதை யாரும் சரிபார்க்கலாம். இரண்டாவதை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் என் கேள்வி.

முதலில் முடிவுகள். ரஷ்யாவில் நடக்கவேண்டிய போட்டி, உக்ரைன் போரால் இங்கே வந்தது. ஓபன் பிரிவில் 186 அணிகள், பெண்கள் பிரிவில் 162. ஓபனில் உஸ்பெகிஸ்தான் தங்கம், ஆர்மீனியா வெள்ளி, இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம். பெண்களில் உக்ரைன் தங்கம், ஜார்ஜியா வெள்ளி, இந்தியா வெண்கலம். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்து, முதல் பலகையில் தனிநபர் தங்கம் வாங்கினார். நம் பெண்கள் அணி கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றதில்தான் தங்கம் கைநழுவியது.

இனி பணம். தமிழக அரசு ஒதுக்கியது 92.13 கோடி ரூபாய். இப்படிச் செலவு செய்கிற நாடுகள், முடிந்ததும் ஒரு 'பொருளாதாரத் தாக்கம்' எண்ணை வெளியிடுவது வழக்கம். ஜப்பானில் 2019-ல் நடந்த ரக்பி உலகக் கோப்பைக்கு வெளியான அறிக்கை 64,640 கோடி யென் என்றது. இது கைமாறிய மொத்தப் பணம். உள்நாட்டு உற்பத்தியில் கூடியது இதில் சுமார் பாதிதான். ஆனால் தலைப்பில் வருவது எப்போதும் பெரிய எண்.

அங்கேயாவது சுமார் 2,42,000 வெளிநாட்டு ரசிகர்கள் வந்தார்கள். செஸ் அப்படிக் கூட்டம் சேர்க்கும் ஆட்டம் இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள். அவர்கள் தங்கின செலவே போட்டி நடத்துகிறவர் பொறுப்பு. நம் பையிலிருந்து போன காசையே வரவு என்று எழுதினால், ஒரே எண்ணை இரண்டு தடவை கூட்டுகிற பிழையான நிரல் மாதிரி ஆகிவிடும்.

உள்ளூர்ப் பார்வையாளர் செலவும் இப்படித்தான். நாகர்கோவில் குடும்பம் ஒன்று மாமல்லபுரம் போய் ஐயாயிரம் செலவழித்தால், அது தமிழ்நாட்டுக்குப் புது வரவா? போகாமல் இருந்திருந்தால் திற்பரப்பிலோ முட்டத்திலோ செலவாகியிருக்கும். ஹோட்டல்கள் நிரம்பின என்பதும் போதாது. ஐயப்ப சீசனில் கன்னியாகுமரியில் ஒரு போட்டி வைத்து, "எல்லா லாட்ஜும் ஃபுல்" என்று பெருமைப்பட முடியுமா? போட்டி இல்லாவிட்டாலும் ஃபுல்தான்!

"சரி வே, 2024-ல் புடாபெஸ்டில் இரண்டு தங்கமும் வாங்கினோமே, குகேஷ் உலக சாம்பியன் ஆனாரே, அது வரவு இல்லையா?" என்று கேட்கலாம். பிரக்ஞானந்தா 2018-லும் குகேஷ் 2019-லும் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார்கள். அவர்களை உருவாக்கியது அதற்கு முந்தைய பல வருட உழைப்பு, பெற்றோர் பட்ட பாடு, சென்னையின் பயிற்சி மையங்கள். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்று சொல்லக்கூடாது.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கே மாதத்தில் இவ்வளவு பெரிய போட்டியை நடத்திக் காட்டியது உண்மையான சாதனை. ஆனால் அதன் பலனை ஹோட்டல் பில்லில் தேடுவது தப்பு. சென்னைக்கு வெளியே, அகஸ்தீஸ்வரத்திலோ விளவங்கோட்டிலோ ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஆடப் போட்டியும் சொல்லித்தர ஆளும் கிடைத்ததா என்பதில் தேடவேண்டும்.

இதை அளக்க ஆலோசனை நிறுவனம் எதுவும் வேண்டாம். ஃபிடே அமைப்பு மாதாமாதம் தரவரிசைப் பட்டியலைப் பொதுவில் வெளியிடுகிறது. அதில் நாடு இருக்கிறது, பிறந்த வருடம் இருக்கிறது, மாவட்டம் இல்லை. தமிழக ஆட்டக்காரர்களுக்கு மட்டும் மாவட்டம் என்று ஒரு பத்தியை இங்கே சேர்த்து, 2022-க்கு முன், பின் என்று பிரித்து வெளியிட்டால் போதும். 92 கோடி செலவழித்த இடத்தில், அந்த ஒரு பத்திக்கு என்ன செலவாகிவிடும்?