தட்டின் அளவும் பாட்டின் வகையும்

இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் எந்தத் தரவுத்தளத்தைத் திறந்தாலும் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு விவரங்கள் தவறாமல் இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் எது என்பது முதலாவது: 10 அங்குல அரக்குத் தட்டா, 7 அங்குல வினைல் தட்டா, கேசட்டா, இறுவட்டா, அல்லது வெறும் கோப்புதானா. அந்த வெளியீடு எந்த வகை என்பது இரண்டாவது: ஆல்பமா, ஈ.பி.யா, சிங்கிளா, தொகுப்பா, திரையிசையா. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளம் பொருளையே அடிப்படையாகக் கொண்டது. ஒரே பாடல்தொகுதி மூன்று முறை வெவ்வேறாக அச்சானால் அதற்கு மூன்று பதிவுகள். ஏறக்குறைய அதே காலத்தில் உருவான மியூசிக்பிரெய்ன்ஸ் அந்த அச்சுகளையெல்லாம் ஒரு குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஆல்பம், சிங்கிள், ஈ.பி., ஒலிபரப்பு, இதர என்ற ஐந்தில் ஒன்றை முதன்மை வகையாகத் தருகிறது. தமிழ் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் இன்று இந்தக் கட்டங்களுக்குள்தான் ஏறிக்கொண்டிருக்கின்றன. பொருளை விவரிப்பதில் இந்த முறைக்கு ஈடாக வேறொன்று நம்மிடம் இல்லை. ஆனால் வகையைச் சொல்லும் இடத்தில் அது இங்கிலாந்து, அமெரிக்கச் சந்தைகளின் வணிகப் பழக்கத்தை உலகப் பொதுவிதியாக எடுத்துக்கொள்கிறது. பொருளின் அளவைப் பார்த்து வகையை முடிவுசெய்யும்போது தமிழ் இசை வரலாறு கோணலாகப் பதிவாகிறது.

முதலில் இதன் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். பொருள்பற்றிய விவரம் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. தட்டின் விட்டம், சுழற்சி வேகம், லேபிளின் நிறம், பட்டியல் எண், ஓடுபாதையின் முடிவில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் ஆகியவற்றை யார் பார்த்தாலும் ஒரே விடைதான் வரும். சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் வெளியிட்ட ஓடியன் தட்டுகளைப் போன்றவற்றுக்குக் கம்பெனி ஆவணங்கள் கிடைப்பது அரிது, தட்டேதான் ஆவணம். ஒரே பாடகர் ஒரே கீர்த்தனையை இரண்டு முறை பாடியிருந்தால், இரண்டும் வெவ்வேறு பதிவுகள் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மேட்ரிக்ஸ் எண்தான். இந்தக் கறார்த்தன்மை ஊகங்களையும் உடைக்கிறது. 78 சுழற்சித் தட்டு என்றால் போருக்கு முந்தியது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். மேற்கு நாடுகள் அதைக் கைவிட்ட பிறகும், 1960களின் நடுப்பகுதி வரை, கல்கத்தாவை அடுத்த தம்தம் ஆலையில் அவை அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்கள்கூட 78 தட்டில் வந்த நாடு இந்தியா. பழைய இசைத்தட்டுச் சேகரிப்புக்குப் பெயர்பெற்ற இலங்கை வானொலி போன்ற நிலையங்களின் தட்டுகளை அடையாளம் காண வேண்டுமானால், இப்படிப் பொருளை நுணுகி விவரிக்கும் முறையைத் தவிர வேறு வழி கிடையாது.

சிக்கல் இரண்டாவது கட்டத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948இல் நீள்தட்டையும், ஆர்.சி.ஏ. கம்பெனி 1949இல் 45 சுழற்சித் தட்டையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தச் சந்தையில் ஒரு படிநிலை உருவானது: ஆல்பம் கலைஞரின் முழுமையான படைப்பு, சிங்கிள் அதற்கான முன்னோட்டம், ஈ.பி. இடைப்பட்ட சிறுவெளியீடு. தமிழ்ச் சந்தையில் இந்தப் படிநிலை இருந்ததே இல்லை. இங்கே அலகு திரைப்படம். 1960களிலும் 70களிலும் ஒரு படத்தின் நான்கு பாடல்கள் ஒரு 7 அங்குல ஈ.பி.யில் வந்தன, மீதிப் பாடல்கள் இருந்தால் இன்னொரு ஈ.பி.யில் வரும், சில படங்களுக்கு மட்டும் நீள்தட்டு. வாங்கியவருக்கு அந்த ஈ.பி. ஒரு சிறுவெளியீடாகத் தெரியவில்லை. அதுதான் அந்தப் படத்தின் ரெக்கார்டு. ஈ.பி. என்பதை அளவாக எழுதினால் அது உண்மை. அதையே வகையாகவும் எழுதினால், ஓர் இசையமைப்பாளரின் பத்தாண்டு உழைப்பு முழுவதும் துண்டுவெளியீடுகளாகவும், பின்னாளில் இறுவட்டில் வந்த மறுபதிப்புகள் மட்டும் முழுப்படைப்புகளாகவும் பட்டியலில் தோன்றும்.

கேசட் வந்ததும் குழப்பம் கூடியது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம் என்று வந்த கேசட்டுகள் 1980களில் சர்வசாதாரணம். இரண்டு படங்களுக்கும் இசையமைப்பாளர் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தரவுத்தளம் இதைத் தொகுப்பு என்கிறது. பழைய பாடல்களைப் பொறுக்கியெடுத்த வெளியீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும். புதுப் படங்கள் இரண்டின் பாடல்கள் முதன்முதலில் வெளிவந்த கேசட்டுக்குப் பொருந்தாது. தொகுப்பு என்று குறித்த கணமே அது இரண்டு படங்களின் குழுவிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. மியூசிக்பிரெய்ன்ஸில் திரைப்படம் என்பது தனி அலகாக இல்லை, வெளித்தளம் ஒன்றுக்கான இணைப்பாக மட்டுமே இருக்கிறது. ஆகவே படத்தைப் பிடித்துக்கொண்டு தேடவும் வழியில்லை. ஒலிச்சித்திரத்தின் நிலை இன்னும் விநோதம். பாட்டுக்கு இணையாக வசனத்தையும் விற்ற சந்தை நம்முடையது. 'விதி' (1984) படத்தின் நீதிமன்ற வசனங்கள் கேசட்டாக ஊரெங்கும் ஒலித்தன. அதற்கு அருகில் வரக்கூடிய வகை ஒலிநாடகம். ஆனால் ஒலிநாடகம் காதுக்கென்றே எழுதப்படுவது. ஒலிச்சித்திரம் படத்தின் ஒலித்தடத்தை வெட்டிச் சுருக்கிச் செய்வது.

இலங்கைத் தமிழ் வெளியீடுகள் இந்த விரிசலை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றன. 1970களின் தமிழ் பொப் அலையில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடியவை படத்தைச் சாராத தனிப்பாடல்கள். எனவே மேற்கத்திய வகைப்பெயர்கள் திரையிசையைவிட இவற்றுக்கு ஓரளவு பொருந்தி வருகின்றன. ஆனால் அந்தப் பாடல்களின் வாழ்க்கை ஒரு வெளியீட்டோடு முடியவில்லை. அவற்றில் ஒன்றான 'சுராங்கனி' கடல் கடந்து, 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் திரைப்பாடலாகவும் ஆனது. தட்டையும் வகையையும் மட்டும் பார்க்கும் பட்டியலில் இந்த இரண்டும் தொடர்பற்ற இரு பதிவுகளே. அத்துடன், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகள் பலர் பாட்டுக் கேட்டது கம்பெனி கேசட்டில் அல்ல; பாட்டுப் பட்டியலைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கியதில்தான். அங்கீகாரமற்ற வெளியீடு என்று ஒரு குறிச்சொல் தரவுத்தளங்களில் உண்டு. ஆனால் அது கம்பெனியை ஏமாற்றி மொத்தமாக அச்சடித்ததற்கானது. கடையில் ஒரு ஆளுக்கென்று பதிந்த பிரதி எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. அந்தக் காலத்தின் கேட்கும் பழக்கத்துக்கு முதன்மைச் சான்று அதுதான்.

பொருளும் வகையும் தனித்தனியே நிற்க முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இலங்கையிலேயே இருக்கிறது. மாத்தளைக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியோரத்தில் உள்ள அலுவிகாரைக் குகைகளில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் என்ற மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்தத் திரிபிடகம் ஓலையில் ஏறியது என்பது மரபு. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் சொல்கிறது. இடத்தின் பெயரைப் பிற்கால நூல்கள் தருகின்றன. பஞ்சமும் படையெடுப்பும் ஓதுவோரைக் கொண்டுபோய்விட்டால் நூலும் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். நமக்கு இங்கே முக்கியமானது, எழுதுவதற்கு முன்பே வகைகள் இருந்தன என்பது. நீண்ட சூத்திரங்கள் 34 தீக நிகாயத்தில். நடுத்தர நீளமுள்ளவை 152 மஜ்ஜிம நிகாயத்தில். பேசும் கருத்தால் சேர்ந்தவை சம்யுத்தத்தில். ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிக்கையால் அடுக்கியவை அங்குத்தரத்தில். ஒவ்வொரு பகுதியையும் மனனம் செய்து காத்த பாணகர் என்னும் ஓதுவார் குழுக்கள் தனித்தனியே இருந்தன. ஓலையின் நீளம் எந்த வகையையும் தீர்மானிக்கவில்லை. அதனால்தான் 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலப் படை அடக்கியபோது விகாரையின் சுவடிகள் அழிந்தும், பிறகு நூல் அச்சுக்கும் கணினிக்கும் இடம்மாறியும், அந்தப் பகுப்பு குலையவில்லை. நம் சங்கத் தொகைநூல்களிலும் இதே அறிவு உண்டு. நான்கு முதல் எட்டு அடிவரை உள்ள பாடல்கள் குறுந்தொகைக்கும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணைக்கும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூற்றுக்கும் போயின. இங்கே அளவுகோல் பாட்டின் அடி. ஏட்டின் நீளம் அல்ல.

அந்தப் பழைய பகுப்பும் குறையற்றதல்ல. அதன் குறை நமக்கு இன்னும் பயனுள்ளது. நான்கு நிகாயங்களில் அடங்காதவை ஐந்தாவதான குத்தக நிகாயத்தில் சேர்ந்தன. அதைச் சூத்திரங்களோடு வைப்பதா, திரிபிடகத்தின் இன்னொரு பிரிவான அபிதம்மத்தோடு வைப்பதா என்பதில் ஓதுவார் குழுக்களே முரண்பட்டன. எத்தனை நூல்கள் அதில் சேரும் என்பதில் இன்றும் இலங்கை மரபும் பர்மிய மரபும் வேறுபடுகின்றன. ஆனால் தம்மபதமும், தேரர் தேரியரின் பாடல்களும் இருப்பது அங்கேதான். மக்கள் அதிகம் படித்த பகுதியும் அதுதான். இதர என்ற பெட்டி நிரம்பி வழிந்தால், உள்ளே கிடப்பவை உதிரிகள் என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் போட்ட பெட்டிகளே அந்த இசைக்குப் பொருந்தவில்லை என்றுதான் எண்ண வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இசையின் வடிவத்தைத் தட்டுதான் செய்தது, ஆகவே வடிவத்திலிருந்து வகையைப் பெறுவது நியாயமே என்பார்கள். 78 தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்றரை நிமிடம். அதற்குள் அடங்க ஆலாபனை சுருங்கியது, சங்கதிகள் குறைந்தன, கீர்த்தனை இரண்டு பக்கமாகப் பிரிந்தது. இவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் இந்த உண்மையே அந்த மறுப்பைத் தோற்கடிக்கிறது. இரண்டு பக்கத்துக்குப் பிரிந்த ஒரே கீர்த்தனை இரண்டு பாடல்கள் கொண்ட சிங்கிள் ஆகாது. பல தட்டுகளாக விற்ற நாடக செட் பல சிங்கிள்களின் குவியலும் ஆகாது. தட்டு இசையை எப்படி மாற்றியது என்பது, இரண்டையும் தனித்தனியே பதிந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்கூட்டியே ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமிருக்காது.

பொதுவான வகைகள் இல்லாவிட்டால் கோடிக்கணக்கான பதிவுகளில் தேடவே முடியாது, ஒவ்வொரு மொழிக்கும் தனிவகை கொடுத்தால் பட்டியல் காடாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதி நியாயம் இருக்கிறது. வகைகளைச் சண்டையின்றி நடத்தக் குறுகிய பட்டியல் உதவும். ஆனால் தேடலுக்கு வேண்டியது ஒரே ஒரு சரியான விடை அல்ல, பல கைப்பிடிகள். நூலகத்துறை இதை முன்பே உணர்ந்தது. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட மாதிரி, படைப்பு, அதன் வெளிப்பாடு, அதன் பதிப்பு, கையிலுள்ள பிரதி என்று நான்கு அடுக்குகளைப் பிரித்தது. மியூசிக்பிரெய்ன்ஸும் படைப்பையும் ஒலிப்பதிவையும் தனி அடுக்குகளாக வைத்திருக்கிறது. திரையிசை, நேரடிக் கச்சேரி, ஒலிநாடகம் போன்ற துணைவகைகளை ஒன்றுக்கு மேற்பட்டு ஒட்டவும் விடுகிறது. 'சுராங்கனி'யின் இரு பிறவிகளை இணைக்கும் கருவி அங்கே ஏற்கெனவே உண்டு. ஆக, கட்டமைப்பு அனுமதிக்கும் வேலையைப் பதிவுப் பழக்கம் செய்வதில்லை என்பதே குறை.

பொருள் மறைந்த காலத்தில் இந்தக் கலப்பு தானாகக் கரைந்துவிடும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. ஆப்பிள் போன்ற இசைத்தளங்கள் எண்ணிக்கையையும் நேரத்தையும் வைத்து இயந்திரமாக வகை தருகின்றன: மூன்று அல்லது அதற்குக் குறைந்த தடங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் என்றால் சிங்கிள், நான்கு முதல் ஆறு தடங்கள், மொத்தம் முப்பது நிமிடத்துக்குள் என்றால் ஈ.பி. ஐந்து பாட்டு, இருபத்திரண்டு நிமிடம் என்று இன்று வரும் ஒரு முழுப்படத்தின் இசை இந்தக் கணக்கில் ஈ.பி. ஆகிவிடும். தட்டே இல்லாத இடத்தில் தட்டின் அளவு விதியாக நீடிக்கிறது. அதே வேளையில் 2011இல் 'வொய் திஸ் கொலவெறி' பாடல் அதன் படத்துக்கு முன்னே தனியாக வந்து வென்ற பின், சிங்கிள் என்பது தமிழ்த் திரையுலகில் விளம்பர உத்தியாக நிலைபெற்றது. அதே பெயர் பழைய இரண்டு பக்கத் தட்டுக்கும் போகிறது. ஒரே கட்டத்தில் ஒரே பெயரோடு, தொடர்பற்ற இரண்டு வரலாறுகள் அடைபட்டிருக்கின்றன.

வெளியீடு என்ற வாசலைத் தாண்டாத இசையும் உண்டு. மாத்தளை உள்ளிட்ட மலையகத் தோட்டங்களின் காமன் கூத்துப் பாடல்களும், சி.வி. வேலுப்பிள்ளை நூலாகத் தொகுத்த தொழிலாளர் பாடல்களும் தட்டுக்காகப் பிறந்தவை அல்ல. வெளியீட்டுத் தரவுத்தளம் எல்லா இசைக்கும் இடம் தர வேண்டும் என்று கேட்பது அதன் வேலையை மீறிய கோரிக்கை. ஆனால் தன் பட்டியலை ஒரு மக்களின் இசை முழுவதுமாகக் காட்டாமல், வெளியீடுகளின் பட்டியல் மட்டுமே என்று அது சொல்லிக்கொள்ள வேண்டும்.

பதிவுசெய்வோர் மாற்றவேண்டியது சிலவே. பொருளில் கண்டதை மட்டும் எழுத வேண்டும். அதிலிருந்து வகையை ஊகிக்கக் கூடாது. கம்பெனியோ விளம்பரமோ சந்தையோ அந்த வெளியீட்டை எப்படி அழைத்தது என்பதைச் சான்றோடு குறிக்க வேண்டும். ஒலிச்சித்திரம், நாடக செட், இரு படக் கேசட் போன்ற பெயர்கள் அப்படியே துணைக்குறிப்பாக நிற்கலாம். படத்துக்கான இணைப்பையும் படைப்பு என்ற அடுக்கையும் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாத வகையைக் காலியாக விட வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸின் அடிப்படைத் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அங்கே நுழைந்த ஒரு பிழை பத்துச் செயலிகளில் உண்மையாகிவிடும். காலியான கட்டம் அடுத்து வருபவரை விசாரிக்கச் சொல்லும். தவறாக நிரப்பிய கட்டத்தில் விசாரணைக்கே இடமிருக்காது.