ஒரு செல் கனத்தில் ஒரு சுவர்

இட்லி வயிற்றுக்குள் போய்விட்டது என்கிறோம். கறாராகச் சொன்னால் அது இன்னும் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. சிறுகுடலின் உள்வரியான எபிதீலியத்தைத் தாண்டினால்தான் உள்ளே. அந்த வரி ஒரே ஒரு செல் கனம்!

ஒவ்வொரு செல்லையும் மேல்விளிம்பருகே அரைஞாண் கயிறு மாதிரி இறுக்குச் சந்திப்பு சுற்றியிருக்கிறது. கிளாடின் புரதங்கள் போட்ட தையல். நீரும் உப்பும் கொஞ்சம் கசியும், கிருமிக்கு வழியில்லை. கீழே டெஸ்மோசோம்கள், அழுத்துப் பொத்தான்கள் போல.

எனக்குப் பிடித்தது வேறு. இந்தச் செல்களுக்கு ஆயுசு பெரும்பாலும் 3 முதல் 5 நாள்தான். முடியப்போகும் செல்லை அக்கம்பக்கத்துச் செல்கள் சுற்றி நெருக்கி, மெல்லக் குடலின் குழிக்குள் தள்ளுகின்றன. தள்ளும்போதே அதன் அடியில் தங்களுக்குள் புதுச் சந்திப்பைப் போட்டுக்கொள்கின்றன. கல்யாணப் பந்தியில்கூட இலை எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். இங்கே இடம் காலியாவதே இல்லை.